ம்பண்டாகாவின் மணல்திட்டும் வட்டியில்லா வீடும்

காங்கோ நதியும் ருக்கி நதியும் சேருகிற இடத்தில், கிட்டத்தட்ட பூமத்திய ரேகை மேலேயே உட்கார்ந்திருக்கிறது ம்பண்டாகா. 1883ல் ஸ்டான்லி போட்ட முகாம்தான் ஊராக வளர்ந்தது. பெல்ஜியக்காரர்கள் வைத்த பெயரை 1966ல் மொபுட்டு அரசு தூக்கி எறிந்துவிட்டு ம்பண்டாகா என்று மாற்றியது. கின்ஷாசாவிலிருந்து ஆற்றை எதிர்த்துப் போனால் சுமார் 700 கிலோமீட்டர். அங்கே ஆறுதான் ஹைவே. உப்பு, துணி, சிமெண்ட் எல்லாம் படகில்தான் வந்தாகணும்.

இந்த ஊரின் நடுவில் ஒரு வெற்று மணல்திட்டு இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்பு, மறுபக்கம் கறுப்பர் குடியிருப்பு. இரண்டும் ஒட்டிவிடக் கூடாதென்று காலனி காலத்தில் காலியாக விட்ட நிலம். பெல்ஜிய காங்கோவின் பல ஊர்களில் இப்படி ஒரு இடைவெளி உண்டு. மலேரியாக் கொசு அவ்வளவு தூரம் பறக்காது என்பது ஏட்டில் எழுதிய காரணம். கொசுவுக்கு நிறம் தெரியும் போல. உள்ளூர்க்காரர்கள் அந்தத் திட்டுக்கு வைத்த பெயர் 'போகோட்டோலா'. 'அடுத்தவனைப் பிடிக்காதவன்' என்று பொருள்.

அந்தத் திட்டில்தான் 1970களின் நடுவில் 114 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து தொண்டர்களாக வந்து ஆப்பிரிக்காவில் வீடு கட்டிக்கொடுப்பது என்று இன்று நாம் கேள்விப்படும் விஷயத்துக்கு இது ஒரு முக்கியமான வேர். நான் இதைத் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம், எங்க டீமில் இருக்கிற ஒரு பையன். "அண்ணா, ரெண்டு வாரம் லீவு போட்டு மலாவி போறேன். அங்க கிராமத்துல வீடு கட்டித் தர்றாங்களாம். டிக்கெட், தங்குறது எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் கிட்ட ஆகும். போலாமா?" என்று கேட்டான். நல்ல பையன். கையில் கரண்டி பிடித்தது கிடையாது. நான் சொன்ன கரண்டி கொத்தனார் கரண்டி.

'போ', 'போகாதே' என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம் என்று இறங்கினேன்.

கடல் தாண்டாவிட்டாலும் எல்லை தாண்டிப் போய் வீடு கட்டுவது 1920லேயே தொடங்கிவிட்டது. பியேர் செரசோல் என்ற சுவிஸ்காரர், முதல் உலகப்போரில் தரைமட்டமான வெர்டன் பகுதியில் எஸ்ன் என்கிற பிரெஞ்சுக் கிராமத்துக்குச் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். போரில் இடித்த நாட்டு ஆட்களே வந்து கட்டுவது என்பதுதான் அதன் சாரம். இதே செரசோல் 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு இந்தியா வந்து, இடிந்த கிராமங்களை மீண்டும் கட்டும் வேலையில் இறங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆப்பிரிக்காவுக்கு இந்த யோசனையைப் பெரிய அளவில் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ராபின்சன். நியூயார்க்கின் ஹார்லெமில் பாதிரியாராக இருந்த கறுப்பர். 1958ல் 'ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ் ஆப்பிரிக்கா' என்ற பெயரில் அமெரிக்க மாணவர்களை, கறுப்பர் வெள்ளையர் கலந்து, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. இந்தப் பிள்ளைகளோ ஆப்பிரிக்க மாணவர்களோடு சேர்ந்து கலவை சுமந்தார்கள். பிற்பாடு கென்னடி, தன்னுடைய பீஸ் கோர் திட்டத்துக்கு முன்னோடி இதுதான் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

சரி, ம்பண்டாகாவுக்கு வருவோம். அங்கே வீடு கட்டப் போனவர் மில்லார்டு ஃபுல்லர், கூடவே மனைவி லிண்டாவும் பிள்ளைகளும். இந்த ஃபுல்லர் ஒரு விசித்திரமான ஆள். அலபாமாக்காரர், 1935ல் பிறந்தவர், வக்கீல். படிக்கும்போதே கூட்டாளியோடு சேர்ந்து வியாபாரம் ஆரம்பித்தார். மாணவர்களுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்புவதில் தொடங்கி, தபால் வழியாகச் சமையல் புத்தகம் விற்பது வரைக்கும் போய், 29 வயதில் மில்லியனர். வீட்டில் இருக்க நேரமில்லை. 1965ல் மனைவி கோபித்துக்கொண்டு நியூயார்க் போய்விட்டார். இவர் பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு, சொத்தையெல்லாம் விற்றுக் கொடுத்துவிடுவது. நம்ம ஊரில் இப்படி ஒருத்தர் செய்தால் மாமனார் வீட்டில் பஞ்சாயத்து வைப்பார்கள்.

அப்படிக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள கொய்னோனியா பண்ணை. கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற விவிலிய அறிஞர் 1942ல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உழுது ஒன்றாகச் சாப்பிட்ட பண்ணை. 1950களில் அதற்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமில்லை. துப்பாக்கிச் சூடு, வெடிகுண்டு, பிறகு ஊரே சேர்ந்து புறக்கணிப்பு. விதை விற்க ஆளில்லை, விளைந்ததை வாங்க ஆளில்லை. தபாலில் பீக்கன் கொட்டை விற்றுத்தான் பண்ணை உயிர் பிழைத்தது.

1968ல் ஜோர்டனும் ஃபுல்லரும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். பண்ணையின் ஒரு பகுதியில் அரை ஏக்கர் அளவில் 42 மனைகள். சுற்றுவட்டாரத்தில் ஓட்டைக் குடிசையில் இருக்கும் கறுப்பின விவசாயக் கூலிகளுக்கு வீடு. இலவசம் கிடையாது. ஆனால் லாபமும் கிடையாது, வட்டியும் கிடையாது. அவர்கள் 20 வருடத்தில் கட்டும் தவணை ஒரு பொதுநிதிக்குப் போகும், அதிலிருந்து அடுத்த வீடு. ஏழையிடம் வட்டி வாங்காதே என்று பழைய ஏற்பாட்டில் இருப்பதை ஜோர்டன் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

வட்டி இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஹோம் லோன் கட்டும் நம்மிடம் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு. பத்து லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். மொத்தம் கட்டுவது 20 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். வட்டி இல்லாவிட்டால் அதே கடனுக்கு மாதம் 4,167. அதாவது பாங்கிக்கு ஒரு வீடு, நமக்கு ஒரு வீடு. ஜோர்டன் செய்தது அந்த முதல் வீட்டை எடுத்ததுதான்.

முதல் வீடு முழுசாக முடியும் முன்பே, 1969 அக்டோபரில் ஜோர்டன் இறந்துபோனார். ஃபுல்லருக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. இந்த மாடல் ஜார்ஜியாவில் ஓடுகிறது, சரி. வேறு நாட்டில், வேறு பாஷையில், ஏறக்குறைய பணமே புழங்காத இடத்தில் ஓடுமா? சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், டெவலப்மெண்ட் மெஷினில் ஓடியதை உலகத்திலேயே கஷ்டமான புரொடக்‌ஷன் சர்வரில் ஏற்றிப் பார்க்கிற ஆசை. 1973ல் குடும்பத்தோடு ம்பண்டாகா போனார். அங்கிருந்த சர்ச் அமைப்பு, நொடித்துக் கிடந்த தனது பிளாக் போடும் தொழிலை அவர் கையில் கொடுத்தது. மணலும் சிமெண்டும் கலந்து அச்சில் அடித்துக் காயவைக்கும் பிளாக், நம்ம ஊரில் ரோட்டோரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த வகை. மணலுக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட்தான் பிரச்னை.

அவர் போய் இறங்கிய நேரமும் சரியில்லை. 1973 நவம்பரில் மொபுட்டு, வெளிநாட்டவர் கையிலிருந்த கடைகள், தோட்டங்கள், தொழில்களைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பல கடைகளில் இருந்த சரக்கு விற்றுத் தீர்ந்ததும் ஷட்டர் இறங்கிவிட்டது. அடுத்த வருடம் செம்பு விலை விழுந்தது. நாட்டின் வருமானமே செம்புதான். 1974 அக்டோபரில் அலியும் ஃபோர்மனும் கின்ஷாசாவில் குத்துச்சண்டை போட்டதை உலகம் பார்த்தது. அதே சமயத்தில் நாட்டின் உள்ளே சிமெண்ட் மூட்டை குதிரைக்கொம்பு.

இன்னொரு சங்கதியையும் சேர்த்துப் பார்க்கணும். 'தொண்டு வேலை' என்ற சொல் அந்த மண்ணில் எப்படிக் கேட்டிருக்கும்? அந்த எக்வெட்டர் மாகாணம் லியோபோல்ட் மன்னரின் ரப்பர் கொடுமை நடந்த முக்கியப் பகுதிகளில் ஒன்று. 1903ல் பிரிட்டிஷ் கான்சல் ரோஜர் கேஸ்மெண்ட் இந்த ஆற்றுவழியே போய், தெற்கே தும்பா ஏரிக் கரையில் தங்கி, கிராமம் கிராமமாக வாக்குமூலம் எழுதிக்கொண்டு வந்தார். பத்து வருடத்துக்குள் பல ஊர்களில் ஜனத்தொகை எவ்வளவு சரிந்தது என்பது அவர் அறிக்கையில் இருக்கிறது. லியோபோல்டுக்குப் பின் வந்த பெல்ஜிய அரசும் கட்டாய வேலை வாங்கியது. சுதந்திரம் வந்த பிறகு மொபுட்டு 'சலோங்கோ' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். லிங்காலா மொழிப் பெயர், தேசப்பற்று முலாம். சாராம்சம் என்னவோ, வாரத்தில் ஒருநாள் சம்பளமில்லாமல் ரோடு சுத்தம் செய், வரப்பு வெட்டு. அரசாங்கம் 'மனமுவந்து' வேலை செய்யச் சொல்லி ஆளை நிறுத்துகிற ஊரில், பணமும் வாங்காமல் சவுக்கும் இல்லாமல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து பிளாக் அடிக்கிறது என்றால் ஜனங்கள் ஒருமாதிரிதானே பார்த்திருப்பார்கள்!

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். ஃபுல்லர் குடும்பம் அங்கே இருந்தது மூன்று வருடம், 1976 வரை. பிளாக் அடித்ததும் சுவர் எழுப்பியதும் பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். வீடு யாருக்கு என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு உள்ளூர்க் கமிட்டி. ஃபுல்லர் செய்தது பணம் திரட்டியது, சிமெண்டுக்கு அலைந்தது, அதிகாரிகளின் வாசலில் காத்துக் கிடந்தது. மணல்திட்டின் பெயரும் மாறியது. புதுப் பெயர் 'லோசங்கான்யா', எல்லாரையும் ஒன்றுசேர்ப்பது என்ற அர்த்தத்தில். அடுத்ததாக, கேஸ்மெண்ட் வாக்குமூலம் எழுதிய அதே தும்பா ஏரிக்கரையில் ந்தோண்டோ என்ற கிராமத்துக்கு இந்த வேலை போனது. பட்டணத்தில் தொடங்கி அசல் கிராமத்துக்குள் போனது அங்கேதான்.

ஃபுல்லர் ஊர் திரும்பி, 1976 செப்டம்பரில் கொய்னோனியாவில் ஒரு கூட்டம் போட்டார். 27 பேர். அங்கே பிறந்ததுதான் ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி. அமெரிக்கஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிளெயின்ஸ் என்ற ஊர். பதவியில் தோற்றுப்போன ஒரு ஜனாதிபதி அங்கே வேர்க்கடலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். 1984ல் ஜிம்மி கார்ட்டர் பஸ் ஏறி நியூயார்க் போய், ஒரு பாழடைந்த கட்டடத்தில் சுத்தியலோடு நின்ற படம் பத்திரிகைகளில் வந்த பிறகு, எல்லாம் மாறிவிட்டது. பணம் கொட்டியது. அதைவிட, ஆட்கள் வந்தார்கள். 1980களின் கடைசியில் வெளிநாட்டுக்குக் குழு குழுவாகத் தொண்டர்களை அனுப்பும் ஏற்பாடு உருவாகி, பத்து நாள், இரண்டு வாரம் என்று ஒரு அளவு நிலைத்துவிட்டது. 2002ல் கார்ட்டர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வாரத்தில் 100 வீடு எழுப்பும் முகாம் நடத்தினார். 2006ல் இதே மாதிரி நம்ம லோனாவாலா பக்கத்தில். இந்தியாவுக்குள் அந்த நிறுவனம் நுழைந்தது அதற்கு வெகு முன்னால், 1983ல், ஆந்திராவின் கம்மத்தில். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் கட்டினார்கள்.

மூன்று வருடம் இரண்டு வாரமாகச் சுருங்கியதை நீங்கள் கவனிச்சிருப்பீங்க. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

இந்தச் சந்தேகம் புதுசும் இல்லை. ஜோர்டனும் ஃபுல்லரும் திட்டம் போட்ட அதே 1968ல், மெக்சிகோவின் குவர்னவாகாவில் இவான் இல்லிச், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே 'வராதீர்கள்' என்று பேசினார். சுற்றிப்பார்க்க வா, படிக்க வா, உதவி செய்ய மட்டும் வராதே என்பது அந்தப் பேச்சின் சுருக்கம். நல்லெண்ணம் இருப்பதாலேயே நீ செய்கிற தொந்தரவு தொந்தரவில்லை என்று ஆகிவிடாது என்றார். கசப்பான பேச்சு. அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

இல்லிச் சொன்னது கருத்து. கணக்கும் உண்டு. மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில் தொண்டர்கள் கட்டிய வீடுகளைப் பற்றி கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் ஆய்வு செய்து 2006ல் வெளியிட்டார். ஆப்பிரிக்கா இல்லைதான், ஆனால் கேள்வி அதே கேள்வி. ஒரு குழு தன் பயணத்துக்கு சராசரியாகச் செலவழித்தது சுமார் 30,000 டாலர். கட்டிய வீட்டின் விலை சுமார் 2,000 டாலர். உள்ளூர்க் கொத்தனார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் வாழ்க்கையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சரி, போய்வந்தவர்களாவது மாறினார்களா? ஊருக்குத் திரும்பியதும் கொஞ்ச நாளில் அவர்களும் பழையபடியே.

30,000ஐ 2,000ஆல் வகுத்துப் பாருங்க. பதினைந்து வீடு. கணக்கு இவ்வளவு லேசாக முடிந்துவிடுமா என்றால், முடியாது. அந்த 30,000 டாலர், பயணம் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வந்திருக்காது. ஃபுல்லர் வியாபாரி, இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சுத்தியல் பிடித்த கை, பிறகு செக் எழுதும். தொண்டரின் உடலுழைப்பு கட்டட வேலைக் கணக்கில் வராது, விளம்பரச் செலவில்தான் வரும் என்பது என் கட்சி. அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொண்டர் தன்னைக் கொத்தனார் என்று நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காமல் போகும், ராத்திரியில் உள்ளூர் ஆள் பிரித்துக் கட்டுவார், காலையில் இவர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார் என்று கேலி செய்யும் அளவுக்கு இந்தப் பயணங்களுக்குப் பேர் இருக்கிறது. ஆன்சைட்டுக்கு இரண்டு வாரம் வந்துவிட்டுப் போகிற கன்சல்டண்டின் கோடை யார் சரிசெய்வது என்று நமக்கும் தெரியும்.

டீம் பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ, போக வேண்டாம்னு சொல்றீங்களா அண்ணா?" என்றான். போ, ஆனால் அங்கே உள்ள மேஸ்திரியிடம் கைவேலைக்கு நிற்கிற சித்தாளாகப் போ. திரும்பி வந்து பத்து வருடத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பு. இரண்டாவது முடியாதென்றால் முதலாவதற்கு லீவு வேஸ்ட் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

வட்டியில்லாக் கடனுக்கு என்ன ஆச்சு என்பதையும் சொல்லணும், அதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். 1967ல் ஜயர் நாணயம் வந்தபோது ஒரு ஜயர் இரண்டு அமெரிக்க டாலர். 1993ல் முப்பது லட்சம் பழைய ஜயருக்கு ஒரு புது ஜயர் என்று மாற்றினார்கள். இந்த மாதிரி நாட்டில் 20 வருடத் தவணையை ஒரே தொகையாக வைத்தால் என்ன ஆகும்? வருடத்துக்கு 50 சதவீதம் விலை ஏறுகிறது என்று வையுங்கள். ஐந்தாவது வருட முடிவில் தவணையின் மதிப்பு முதலில் இருந்ததில் 13 சதவீதம். பத்தாவது வருட முடிவில் 2 சதவீதம்கூட இல்லை. கடன் வாங்கியவருக்குக் கொண்டாட்டம், ஆனால் அடுத்த வீட்டுக்குக் காத்திருப்பவருக்கு நிதி காலி. அதனால் விலைவாசி எகிறிய நாடுகளில் தவணையைப் பணத்தில் சொல்லாமல் சிமெண்ட் மூட்டையில் சொல்ல ஆரம்பித்தார்கள். மாதம் இத்தனை மூட்டை. அன்றைக்கு மூட்டை என்ன விலையோ அந்தப் பணம். முன்னே நெல்லுக்குக் கடன் வாங்கி நெல்லாகவே அளந்த மாதிரி. ஜோர்டன் விவிலியத்தில் தேடியிருந்தாலும் இவ்வளவு நல்ல வழி கிடைத்திருக்காது.

ஆனாலும் முழு வீட்டுக்கு நீண்டகாலக் கடன் என்பது கூலி வருமானம், விளைச்சல் வருமானம் உள்ள கிராமத்தானுக்குப் பொருந்தாத சட்டை. அவர் கட்டுகிற விதமே வேறு. இந்த வருடம் செங்கல் சேர்ப்பார், அடுத்த அறுவடைக்குத் தகரம் வாங்குவார், அதற்கடுத்து தரை போடுவார். 2012ல் ஹாபிடாட் 'மைக்ரோபில்ட்' என்று ஒரு நிதியைத் தொடங்கி, இப்படிப் படிப்படியாகக் கட்டுகிறவர்களுக்குச் சிறுகடன் தரும் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. வீட்டில் தொண்டர் யாரும் வந்து நிற்பதும் இல்லை. கொத்தனாரைக் குடும்பமே பார்த்துக்கொள்கிறது. 1968ல் எந்த இரண்டு விஷயங்களுக்காக இது ஆரம்பித்ததோ, வட்டியின்மை, கூடி நின்று கட்டுவது, அந்த இரண்டும் இல்லாத ஒரு திட்டம் அதே நிறுவனத்தின் பெயரில் வந்தது. இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஃபுல்லர் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2005ல் நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட மோதலில் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். 70 வயதில் சும்மா இருக்கவில்லை, வீடு கட்ட இன்னொரு அமைப்பை ஆரம்பித்தார். 2009 பிப்ரவரி 3ல் இறந்ததும், கொய்னோனியாவில் ஜோர்டனை வைத்த மாதிரியே, ஒரு சாதாரண மரப்பெட்டியில் வைத்துப் பண்ணை மண்ணிலேயே புதைத்தார்கள்.